மேற்குச் சுவரின் சீமெந்து

நான் ஒரு பொய்யான தாளில் கையெழுத்து வைத்தேன். ஏழு வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றுவதற்காக, இன்னொரு மனிதர் சொல்லாததைச் சொன்னதாக அதிகாரியிடம் சொன்னேன். இரண்டையும் தெரிந்துதான் செய்தேன். அதனால் ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் இப்போது மலைக் கிராமங்களில் பழைய வீடுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். நகரத்தில் வீடு கிடைப்பதில்லை. கிராமங்களில் நூறு, இருநூறு வருட வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அவற்றைத் திருத்துகிற வேலைக்கு எங்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் வாசிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. சுத்தியல்

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞராகப் படித்தவன் நான். ஜெர்மனிக்கு அகதியாக வந்து ஆறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு இங்கேயும் அதே படிப்பை இரண்டாம் தடவை படித்து, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு மலை மாவட்டத்தில், சிறிய கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். மாவட்ட நிர்வாகம் பாதுகாக்கப்பட்ட பழைய வீடுகளை அளப்பதற்கும் திருத்த வேலைகளைக் கண்காணிப்பதற்கும் எங்கள் அலுவலகத்தைத்தான் அனுப்பும்.

முதலாளி திருமதி கெல்லர். என்னை விட நான்கு வயது இளையவர். முதல் நாள் காலையில் புதுப் பென்சில்களோடு போயிருந்தேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு சின்னச் சுத்தியலைக் கையில் தந்தார்.

“ஹெர் பாலன், இன்றைக்கு வரையத் தேவையில்லை. போய்த் தட்டுங்கள்.”

அந்தப் பக்கத்து வீடுகள் ‘ஃபாக்வேர்க்’ வகை. ஓக் மரத்தால் சட்டம் அடித்து, சட்டங்களுக்கு இடையிலுள்ள கட்டங்களைத் தடியும் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு நிரப்பியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கல் அத்திவாரத்தின் மேல், ஒரு நீண்ட மரம் படுத்திருக்கும். அதை நாங்கள் அடிச்சட்டம் என்போம். வீட்டின் முழுப் பாரமும் அதில்தான் இறங்குகிறது. நல்ல மரத்தில் சுத்தியல் பட்டால் துள்ளும். உளுத்த மரத்தில் பட்டால் சத்தம் உள்ளுக்குள்ளேயே நின்றுவிடும்.

களிமண் ஈரத்தை வாங்கும், பிறகு திருப்பிக் கொடுக்கும். மரமும் அப்படித்தான். சீமெந்து அப்படியல்ல. மரத்துக்கும் சீமெந்துக்கும் இடையில் ஒரு மயிரிழை வெடிப்பு வந்தால் மழை அதற்குள் போகும், வெளியே வராது. அங்கேயே இருந்து மரத்தைத் தின்னும். “இந்த மாவட்டத்தில் யுத்தம் விட்டுவைத்த வீடுகளைச் சீமெந்து முடித்துவிட்டது” என்பார் திருமதி கெல்லர்.

இது எனக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியது மூளைக்குத்தான். ஊரில் ஒருவன் முன்னேறிவிட்டான் என்பதற்கு அடையாளம் கல்வீடு. மண்வீடு என்று சொல்லும்போதே எங்கள் வாயில் ஒரு வெட்கம் வரும். இருபது வருடம் ஜெர்மன்காரரின் மண் சுவர்களைக் காப்பாற்றிச் சம்பளம் வாங்கிய எனக்கும் அந்த வெட்கம் போகவில்லை.

2. யோகனின் வீடு

யோகநாதனோடு நான் கோயிலில் பழகினேன். யோகன் என்று கூப்பிடுவோம். ஊரில் மேசன். இங்கே இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முறைவேலை. மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஒரே மகள் ஆரணி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எங்கள் மாவட்டத்தின் கடைசிக் கிராமத்தில் ஒரு ஃபாக்வேர்க் வீட்டை வாங்கினார்கள். பாதுகாப்புப் பட்டியலில் இருந்த வீடு. எதைத் தொட்டாலும் அனுமதி வேண்டும். யோகன் முதலில் என்னிடம்தான் வந்தார்.

“அண்ணை, நீங்கள் இருக்கிறியள் எண்ட துணிவிலைதான் வாங்கினனான். வீடு கொஞ்சம் சாய்ஞ்சு கிடக்கு. எனக்கும் கொஞ்சம் சாய்வு, பறவாயில்லை.”

அனுமதி என் மூலமாக வந்தது. கண்காணிப்பும் எனக்கே தரப்பட்டது. தாளில் தெளிவாக எழுதியிருந்தது: கட்டங்களைக் களிமண்ணால் நிரப்பி, வெளியே சுண்ணாம்பு பூச வேண்டும். உள்ளேயும் மண் பூச்சு. மரம் வெளியே தெரிய வேண்டும். சீமெந்து கூடாது.

யோகன் வேலை முடிந்து வந்து தினமும் நான்கு மணித்தியாலம் வேலை செய்தார். மூன்று பக்கச் சுவர்கள் கோடைக்குள் ஒழுங்காக முடிந்தன. மிச்சமிருந்தது மேற்குச் சுவர். மழையும் காற்றும் அடிக்கிற பக்கம்.

3. பன்னிரண்டு நாள்

புது வீட்டில் குடிபுகுகிற குடிபூரலுக்கு ஐயர் ஐப்பசியில் நாள் வைத்துக் கொடுத்தார். டோர்ட்மண்டிலிருந்து வசந்தியின் அண்ணன்மார், லண்டனிலிருந்து யோகனின் தமக்கை, எல்லாரும் பயணம் ஒழுங்குசெய்துவிட்டார்கள். அதை விட்டால் அந்த வருடம் கணவன் மனைவி இருவருக்கும் பொருந்துகிற நாள் இல்லை என்றார் ஐயர்.

புரட்டாதி முழுவதும் மழை பெய்தது. மேற்குச் சுவரின் முப்பத்தொரு கட்டங்களும் வெறும் தடிகளோடு நின்றன. குடிபூரலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தக் குளிரில் களிமண் காய ஆறு கிழமை, ஒன்றரை மாதமாவது வேண்டும்.

யோகன் என்னைச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணை, சீமெந்து எண்டால் நாலு நாளிலை காய்ஞ்சிடும். ஆனா பேப்பரிலை மண் எண்டல்லோ கிடக்கு. பிரச்சினை வராதோ?”

அவர் கேட்டார். இதை நான் அழுத்தி எழுத வேண்டும். எனக்குத் தெரியாமல் அவர் எதையும் செய்யவில்லை. கேட்டார்.

ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, “குடிபூரலைச் செய்யுங்கோ, சுவர் வைகாசியிலை செய்வம்” என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் லண்டனிலிருந்து வருகிறவர்கள் தார்ப்பாயைப் பார்ப்பார்கள். பாலா அண்ணை கண்காணித்த வீடு இதுவா என்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

“பூசுங்கோ” என்றேன். “பேப்பரை நான் பாத்துக்கொள்ளுறன்.”

யோகன் நல்ல மேசன். விளிம்பில் ஒரு தாள் போகாதபடி நெருக்கமாகப் பூசினார். கீழே அடிச்சட்டத்தையும் சேர்த்து மூடினார். மேலே பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தார். குடிபூரல் அன்று அவருடைய தமக்கை சுவரைத் தடவிப் பார்த்து, “இப்பதான்ரா இது கல்வீடு மாதிரிக் கிடக்கு” என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கிழமை முடிவு அறிக்கையில், நான்கு சுவர்களும் அனுமதியின்படி களிமண்ணாலும் சுண்ணாம்பாலும் முடிக்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எங்கள் அலுவலகத்தின் பெயர் இருந்ததால் மாவட்டத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

4. மொழிபெயர்ப்பு

ஏழாவது வருடம் மேற்குப் பக்க அறையின் தரை இறங்கியது. அந்த அறையில்தான் வசந்தி சாமிப்படங்களை வைத்திருந்தார். சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. யாரோ அயலவர் மாவட்டத்துக்கு அறிவித்தார். கட்டடப் பிரிவிலிருந்து திரு. பிராண்ட் என்ற அதிகாரி ஒரு டெர்மின் வைத்து, அதாவது நாளும் நேரமும் குறித்து, வந்தார்.

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அலுவலகத்தின் சார்பில் என்னை அனுப்பினார்கள். யோகன் தனக்கு மொழிபெயர்க்கவும் என்னையே கேட்டிருந்தார். தொழிற்சாலை ஜெர்மன் அவருக்கு நன்றாக வரும். அதிகாரிகளுக்கு முன்னால் நாக்குத் தடுக்கும்.

பிராண்ட் ஒரு மூலையில் சீமெந்தை உடைத்தார். உள்ளே அடிச்சட்டம் ஈரக் கோப்பித்தூள் மாதிரிக் கொட்டியது. அதன் மேல் நிமிர்ந்து நின்ற இரண்டு நிலைமரங்களின் அடிக்கால்களும் போய்விட்டன.

“அனுமதியில் களிமண் என்றிருக்கிறது. முடிவு அறிக்கையிலும் களிமண் என்றிருக்கிறது. இங்கே சீமெந்து. யார் சொல்லிப் பூசினீர்கள் என்று அவரைக் கேளுங்கள்” என்றார்.

யோகன் நான் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. தமிழில் சொன்னார்: “நாள் கிட்டுது, பூசுங்கோ எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள். அதை அவருக்குச் சொல்லுங்கோ.”

நான் பிராண்டைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன்: “களிமண்ணுக்கும் சீமெந்துக்கும் வித்தியாசம் தனக்குத் தெரியாது என்கிறார். கண்காணிப்பு முடிந்த பிறகு தானாகவே மாற்றிப் பூசியிருக்கிறார்.”

பிராண்ட் எழுதிக்கொண்டார். யோகன் என்னைப் பார்த்தார். அவ்வளவு ஜெர்மன் அவருக்கு விளங்கும் என்பது எனக்கும் தெரியும். அவர் குனிந்து, உடைந்து விழுந்த சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். வெள்ளைக்காரனுக்கு முன்னால் இரண்டு தமிழர் சண்டை பிடிக்கக் கூடாது என்று அவர் நினைத்ததாக வசந்தி பிறகு சொன்னார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. வீட்டில் குடியிருக்கத் தடை. உரிமையாளரே அனுமதியை மீறிச் சேதப்படுத்தியதால் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கி இடிப்பது பற்றி ஆலோசிக்கப்படும் என்றும் இருந்தது. அவர்கள் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த இரண்டு அறைக்குக் குடிபோனார்கள்.

5. ஆரணியின் கேள்வி

ஆரணி அப்போது டிரெஸ்டனில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு அழைத்தாள்.

“மாமா, அந்த டெர்மினிலை அதிகாரி எழுதின புரோட்டோகோலை இப்பதான் வாசிச்சன். அப்பா வித்தியாசம் தெரியாது எண்டு சொன்னதாக் கிடக்கு. அப்பா மேசன். அவருக்கு எப்பிடித் தெரியாமல் இருக்கும்?”

நான் கையை நீட்டி அறைக் கதவைச் சாத்தினேன்.

“அப்பாட்டைக் கேட்டன். ‘பாலா அண்ணையைக் கேள்’ எண்டுறார். அதான் கேக்கிறன். அப்பா அப்பிடிச் சொன்னவரோ?”

“இல்லை” என்றேன்.

“அப்ப ஆர் சொன்னது?”

“நான்.”

அவள் கோபப்படவில்லை. “சரி மாமா. அப்ப அதை ஆர் திருத்துறது?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றே மூன்று பக்கம் எழுதினேன். முதலில் திருமதி கெல்லரிடம் கொடுத்தேன், ஏனென்றால் பொய்யான அறிக்கை அவருடைய அலுவலகத்தின் பெயரில்தான் போயிருந்தது. அவர் இரண்டு தடவை வாசித்தார். என் பிரியாவிடைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

“கேக்கை நான் நிறுத்திவிடுகிறேன்” என்றார். “கடிதத்தை நீ நிறுத்திவிடாதே.” பிறகு அலுவலகச் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். முதல் நாள் தந்த சுத்தியலையும் வைத்தேன். அதை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, “இது உனக்குத் தேவைப்படும்” என்றார்.

மாவட்டம் என்னை விசாரித்தது. இனிமேல் பாதுகாக்கப்பட்ட எந்தக் கட்டடத்தின் அறிக்கையிலும் என் கையெழுத்துச் செல்லாது என்று எழுதி அனுப்பினார்கள். அது சரியான முடிவு. யோகனின் பெயரில் இருந்த குற்றம் நீக்கப்பட்டது. வீட்டைச் சரிசெய்ய இரண்டு கோடை தந்தார்கள். இல்லாவிட்டால் இடிப்பு.

பேக்கரி வீட்டுக்குப் போனேன். யோகன் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

“சொல்லிப்போட்டன், யோகன்.”

“ஆரிட்டை?”

“மாவட்டத்திலை. எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டன்.”

“என்னட்டை இன்னும் சொல்லேல்லையே.”

படிக்கட்டில் நின்றபடி சொன்னேன். உங்களைப் பூசச் சொன்னது நான். உங்கள் பெயரில் பொய் சொன்னதும் நான். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து வசந்தியின் குரல் வந்தது: “உங்களை நம்பித்தானே அண்ணை அந்தச் சுவரிலை சாமிப்படம் கொழுவினனான்.”

“உந்தச் சுவரை நான் உடைச்சுத் தாறன்” என்றேன்.

“உங்களுக்கு என்ன வயசு?” என்றார் யோகன்.

“அறுபத்தாறு.”

அவர் என் கைகளைப் பார்த்தார். “சனிக்கிழமை ஏழு மணிக்கு வாங்கோ. தேத்தண்ணி நீங்களே கொண்டு வாங்கோ.”

6. உளி

இந்த மாதிரிச் சுவரில் இயந்திர உளியைப் பாவிக்கக் கூடாது. அதிர்வில் மற்ற மூன்று சுவர்களின் மண்ணும் கொட்டிவிடும். கை உளியும் சின்னச் சுத்தியலும்தான். மரத்தைக் காயப்படுத்தாமல் ஒரு கட்டத்தை வெட்டி எடுக்க எனக்கு ஒரு முழு நாள் போனது. முப்பத்தொரு கட்டம்.

யோகனின் பூச்சு அப்படி இறுகியிருந்தது. ஊவெ என்ற தச்சர் அடிச்சட்டம் மாற்ற வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். “இந்த வீட்டிலேயே பழுதில்லாமல் இருக்கிற ஒரே பொருளை உடைக்கிறீர்களே” என்றார். யோகனும் சிரித்தார். நான் வந்த பிறகு அவர் சிரித்ததை முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். என் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை மட்டும் போதவில்லை. அலுவலகமும் இல்லாததால் கிழமையில் ஐந்து நாள் போனேன். இரண்டு விரல்களில் நகம் போனது. தோளுக்கு ஊசி போட்டார்கள். போட்ட மறுநாள் இடக்கையால் தட்டினேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. உளி பிடித்திருக்கும்போது மட்டும்தான் எனக்கு அந்த மொழிபெயர்ப்பு ஞாபகம் வராமல் இருந்தது.

என் தேநீரை நான் பிளாஸ்கில் கொண்டுபோய் வாசல் கல்லில் இருந்து குடித்தேன். அவர்கள் உள்ளே குடித்தார்கள். அது சரிதான் என்று எனக்குப் பட்டது. இரண்டு கோடையும் அப்படித்தான்.

ஊவெ வீட்டை ஜாக்கிகளால் தூக்கிப் பிடித்து, உளுத்த அடிச்சட்டத்தைத் துண்டு துண்டாக எடுத்து, புது ஓக் சட்டத்தைச் செலுத்தினார். ஜாக்கியை இறக்கியபோது வீடு ஒரு தடவை முனகிவிட்டு அதன் மேல் அமர்ந்தது. இரண்டாம் கோடையில் நானும் யோகனும் களிமண் குழைத்தோம். அவர் காலால் மிதித்தார், நான் வைக்கோல் தூவினேன். “ஊரிலை இதை விட்டு ஓடத்தானே அண்ணை பாடுபட்டனாங்கள்” என்றார். வேலையைப் பற்றி அல்லாமல் என்னோடு அவர் கதைத்த முதல் வசனம் அது.

7. ஐப்பசி, மறுபடியும்

பிராண்ட் ஆவணியில் வந்து தட்டிப் பார்த்து, வேலை சரி, சுவர் காய்ந்ததும் குடிபோகலாம் என்றார். வசந்தி ஐயரிடம் கேட்டார். ஐப்பசியில் நாள் கிடைத்தது. டோர்ட்மண்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

நாளுக்குப் பத்து நாள் முன்பு யோகன் ஈரம் பார்க்கிற கருவியைக் கொண்டு வரச் சொன்னார். முப்பது கட்டங்கள் காய்ந்திருந்தன. சாமிப்படம் இருந்த மூலையில் முள் ஏறியது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அதேதான்.

வசந்தியும் யோகனும் எனக்குப் பின்னால் நின்றார்கள். ஒரு மூலை. வெளியே ஒன்றும் தெரியாது. பெயின்ற் அடித்துப் படத்தைக் கொழுவினால் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

“ஏலாது” என்றேன். “இந்த மூலை இன்னும் ஈரம். இப்ப மூடினால் திரும்பவும் உளுக்கும். தை வரைக்கும் விடோணும்.”

வசந்தி கண்ணை மூடினார். “அண்ணன்மாருக்கு நான் என்ன சொல்லுறது?”

யோகன் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: “சுவர் காயேல்லை எண்டு சொல்லும்.”

தையில் குடிபூரல் நடந்தது. வாசலில் பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது என்று ஆரணி சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். அன்று முழுவதும் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மாசியில் யோகன் அழைத்தார். பக்கத்துக் கிராமத்தில் ஒரு இளம் சோடி, ரஞ்சனும் மனைவியும், பழைய வீடு ஒன்றை வாங்கப் பார்க்கிறார்கள். “வந்து ஒருக்காப் பாருங்கோ” என்றார். என் கையெழுத்து இனிச் செல்லாது என்று ஞாபகப்படுத்தினேன். “கையெழுத்து ஆருக்கு வேணும்? கண்ணைக் கொண்டு வாங்கோ” என்றார்.

அந்த வீட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்து, பழுதானவற்றை ஒரு தாளில் எழுதி ரஞ்சனிடம் கொடுத்தேன். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். யோகன் தடுத்தார்.

“தம்பி, இந்தத் தொழிலிலை இவரை விடத் தெரிஞ்ச ஆள் எங்கடை ஆக்களிலை இல்லை. சொல்லுறதைக் கேளும்.” என்னை ஒரு தடவை பார்த்தார். “ஆனா இவர் எழுதினதை நீரும் ஒவ்வொண்டாத் தட்டிப் பாத்துப்போட்டுப் பேப்பரை மடிச்சு வையும்.”

ரஞ்சனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

“அவர் சொல்லுறது சரி” என்றேன். சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “அடிச்சட்டத்திலை இருந்து தொடங்கும்.”

அவர் தட்டத் தொடங்கினார். நாங்கள் இருவரும் வாசலில் நின்று கேட்டோம். யோகன் தன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி, என் பக்கம் நீட்டினார்.